உப்புக் கரித்த மீன்தொட்டி

அத்தியாயம் 9

பம்பரத்தின் தலை தண்ணீருக்குள் இருந்தது. பிடரியில் ஒரு கை இருந்தது. அந்தக் கை அவசரப்படவில்லை. துணி அலசுகிறவனைப் போல நிதானமாக அவனை அமுக்கிக்கொண்டிருந்தது.

பம்பரம் கண்ணைத் திறந்தான். மூக்குக்கு நேரே ஒரு கொழுத்த ஜிலேபி மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. 'உனக்கு இங்கே என்னடா வேலை?' என்று கேட்பதுபோல இருந்தது. நியாயமான கேள்விதான். சற்று முன்புவரை அவன் இந்த மொட்டைமாடியில் நின்று, செத்து மிதந்த மீன்குஞ்சுகளை வலையால் ஒதுக்கியபடி, "கொலை கேஸுன்னு கூட்டிட்டு வந்து மீன் மார்க்கெட்ல நிறுத்திட்டீங்களே மேடம்" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தான். படிக்கட்டு அறைக்குப் பின்னாலிருந்து ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பாய்ந்து வந்ததை அவன் பார்க்கவேயில்லை.

உதைத்தான். கால் காற்றைத்தான் உதைத்தது. மார்பு வெடித்துவிடும்போல இருந்தது. வாய் தானாகத் திறந்துகொள்ள, தொட்டித் தண்ணீர் மடமடவென்று தொண்டைக்குள் இறங்கியது.

'ணங்!'

பிடரியிலிருந்த கை தளர்ந்தது. பம்பரம் நிமிர்ந்து, பட்டப்பெயருக்கு ஏற்றபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தரையில் விழுந்தான்.

கத்திரி மேடம் இரண்டு கையாலும் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள். யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவாள் என்பதால் ஸ்டேஷனில் வைத்த பெயர் அது. 'கத்திரிக்காய்ல வர்ற கத்திரியா மேடம்?' என்று உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை கேட்ட பம்பரம், மறு தடவை கேட்கவில்லை.

முதல் அடி ஹெல்மெட்டில் விழுந்ததால் ஆளைச் சாய்க்கவில்லை. இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. ஹெல்மெட்காரன் உறுமிக்கொண்டு திரும்பினான். அவன் கையில் ஒரு பெரிய ஸ்பேனர். வீசிய வீச்சில் கத்திரியின் இடது முன்கை பிளந்து ரத்தம் கொட்டியது. அவள் கத்தவில்லை. அவன் முழங்காலைக் குறிபார்த்து ஓர் உதை விட்டாள். தடுமாறியவன், கைப்பிடிச்சுவரில் ஏறி, அடுத்த மனையில் பாதி கட்டி நின்றுபோன கட்டடத்தின் தளத்துக்குத் தாவி, தூண்களுக்கு நடுவே மறைந்துபோனான்.

பம்பரம் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான்.

"உயிரோட இருக்கியா?" என்றாள் கத்திரி, கைக்குட்டையால் காயத்தைச் சுற்றிக்கொண்டே.

"இருக்கேன் மேடம். ஆனா அந்த மீனுங்க இத்தனை நாளா போனதெல்லாம் என் வயித்துக்குள்ள இருக்கு." மறுபடி துப்பினான். "த்தூ! போதாக்குறைக்கு உப்பு வேற கரிக்குது."

கத்திரியின் கை கட்டுப் போடுவதை நிறுத்தியது. "என்ன சொன்னே?"

"உப்பு மேடம். தொட்டில உப்பு. நான் குடிச்ச அளவுக்கு யாரும் குடிச்சிருக்க மாட்டாங்க, என்னை நம்புங்க."

அவள் தொட்டியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். பிறகு கீரைப் பாத்தியைப் பார்த்தாள். இலைகளின் ஓரம் தீயில் வாட்டியதுபோலக் கருகியிருந்தது.

அந்த மொட்டைமாடி ஒரு லிப்ட் மெக்கானிக் தன் கையாலேயே கட்டியது. இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய மீன்தொட்டி. அதிலிருந்து வழிகிற அழுக்குத் தண்ணீர் ஜல்லி நிரப்பிய பாத்திகளில் பாயும். மீனின் கழிவைக் கீரையும் தக்காளியும் தின்றுவிட, தெளிந்த தண்ணீர் தரைமட்டத்தில் இருக்கும் சின்னத் தொட்டியில் இறங்கும். அங்கிருந்து பம்பு அதை மறுபடி மீனுக்கே தள்ளும். மீன் செடியை வளர்க்கும், செடி மீனைக் காப்பாற்றும். அப்படித்தான் அந்த மெக்கானிக் பெருமையடித்துக்கொள்வானாம்.

போன வாரம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் ஓர் உடல் நசுங்கிக் கிடந்தது. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மெக்கானிக்கின் சட்டை, விரலில் மெக்கானிக்கின் மோதிரம். அதே நாளில், மெக்கானிக்கின் மனைவியுடைய தம்பி, பேக்கரியில் வேலை பார்த்தவன், காணாமல் போனான். அக்காவை அடிக்கிறான் என்று அவன் மெக்கானிக்கோடு தெருவே கேட்கச் சண்டை போட்டிருக்கிறான். பிறகென்ன? போலீஸ் அவனைத் தேடியது. போலீஸின் வேகம் போதாது என்று மெக்கானிக்கின் தங்கை கத்திரியைத் தேடி வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். 'என் அண்ணனைக் கொன்னவன் என் கையில கிடைக்கணும்' என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. போகிறபோக்கில் அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் அவர்களை இந்த மாடிக்கு ஏற்றியது: 'அண்ணன் போன அன்னையிலேர்ந்து மீனும் சாகுது மேடம்.'

சத்தம் கேட்டு வேன்காரம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் பின்னால், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள் மெக்கானிக்கின் மனைவி. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டிருந்தாள்.

"அவன்தானே? அண்ணியோட தம்பிதானே வந்தான்?" என்று வேன்காரம்மா கைப்பிடிச்சுவர்ப் பக்கம் பாய்ந்தாள்.

"ஹெல்மெட்தான் வந்துச்சு. உள்ளே யாருன்னு அது சொல்லல," என்றான் பம்பரம்.

கத்திரி மனைவியைப் பார்த்தாள். "மீன் எப்படிம்மா செத்துச்சு?"

"கரண்ட் போச்சு. பம்பு நின்னுடுச்சு. மூச்சு முட்டிச் செத்துப்போச்சு." ஒப்பிக்கிற பிள்ளையைப் போல ஒரே மூச்சில் வந்தது பதில்.

"எந்த மீன் செத்துச்சு?"

"சின்னது..."

"பெரிசு?"

"அதுங்க நல்லாத்தான் இருக்கு."

"அங்கதான் இடிக்குது," என்றாள் கத்திரி. "காத்து இல்லாம சாகறதா இருந்தா பெரிய மீன்தான் முதல்ல சாகும். பெரிய உடம்பு, பெரிய மூச்சு. குஞ்சு தண்ணி மேல வந்து எப்படியாவது சமாளிச்சுடும். இங்க குஞ்செல்லாம் போயிடுச்சு, பெரிசெல்லாம் நீந்துது. இது மூச்சுமுட்டல் இல்ல. விஷம்."

பையிலிருந்து வளர்ப்பு மீன்கடையில் வாங்கிய சோதனைப் பெட்டியை எடுத்தாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீர் அடர்ந்த ஊதாவாகத் திரும்பியது.

"பார்க்க அழகாத்தான் இருக்கு," என்றான் பம்பரம்.

"நைட்ரைட். மீன் கழிவிலேர்ந்து வர்ற விஷம். நீ குடிச்சது இதைத்தான்."

பம்பரத்தின் முகம் விழுந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகணுமா மேடம்?"

"நீ மீனா இருந்தா போகணும்." செத்த குஞ்சு ஒன்றை எடுத்துச் செவுளை நகத்தால் தூக்கிக் காட்டினாள். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் காய்ந்த ரத்தம்போலப் பழுப்பாக இருந்தது. "ஜல்லியில நல்ல கிருமி குடியிருக்கும். மீன் கழிவைச் செடி சாப்பிடற மாதிரி மாத்திக் கொடுக்கறது அதுதான். அது செத்தா தண்ணி விஷமாயிடும். அதைக் கொல்றதுக்கு ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் போதும்."

"மீனைக் கொல்ல யாரு பிளீச்சிங் பவுடர் போடப்போறாங்க?" என்றாள் வேன்காரம்மா.

"யாரும் மீனைக் கொல்ல நினைக்கல. தரையைக் கழுவுனாங்க." கத்திரி காலால் காட்டினாள். மாடித் தரை முழுக்கப் பாசி படிந்து பச்சையாக இருக்க, தொட்டியடியிலிருந்து தரைமட்டத் தொட்டிவரை ஒரு பட்டை மட்டும் எலும்பு போல வெளுத்திருந்தது. "கழுவின தண்ணி ஓடி அந்தச் சின்னத் தொட்டிக்குள்ள இறங்கிடுச்சு. பம்பு அதை வஞ்சனை இல்லாம எல்லாப் பாத்திக்கும் ஊட்டிடுச்சு. பாசியைக் கழுவறவங்க மாடி முழுக்கக் கழுவுவாங்க. ஒரே ஒரு பட்டையை மட்டும் கழுவினா..."

"ரத்தம்," என்றான் பம்பரம்.

"லிப்ட் குழில கிடந்தவனை லிப்ட் கொல்லல. இங்க அடிச்சுக் கொன்னு, அங்க கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க."

வேன்காரம்மா ஒரு கணம் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்தாள். அடுத்த கணம் அண்ணி மீது பாய்ந்தாள். "உன் தலைக்கு மேலேயே வெச்சு என் அண்ணனை அடிச்சுக் கொன்னிருக்கான், உனக்குத் தெரியாதா? கரண்ட் போச்சுன்னா கதை விடறே?" கன்னத்தில் விழுந்த அறையில் மனைவியின் தலை சுவரில் மோதியது. மறு அறை விழுவதற்குள் பம்பரம் குறுக்கே புகுந்து அதைத் தன் காதில் வாங்கிக்கொண்டான். வேன் ஓட்டுகிற கை. காதுக்குள் ஹார்ன் அடித்தது.

ஆனால் மனைவி தடுக்கவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை. அடி வாங்கிப் பழகியவர்கள் நிற்கிற நிலை அது. இழுபறியில் கழுத்துத் துணி விலகியிருந்தது. கத்திரி கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கதவு இடிச்சுடுச்சு."

"உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரலா?"

மனைவியின் பார்வை கைப்பிடிச்சுவரைத் தாண்டி, பக்கத்துத் தூண்களுக்குப் போய்த் திரும்பியது. பம்பரம் அதைப் பயம் என்று நினைத்தான். கத்திரி என்ன நினைத்தாளோ, சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"சரி, இங்க ஒண்ணும் இல்ல. எல்லாரும் கிளம்புங்க. வேனை எடுங்கம்மா." போகிறபோக்கில் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். பம்பு நின்றது. இத்தனை நேரம் காதுக்குப் பழகிப்போயிருந்த தண்ணீர்ச் சலசலப்பு அடங்கிப்போக, மாடியில் திடீரென்று ஒரு வெறுமை.

"மேடம், மீனு..." என்று தொடங்கினான் பம்பரம்.

"வாயை மூடிட்டு வா."

வேன் உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பி, அங்கே நின்றது. மூன்று பேரும் பின்சந்து வழியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, படிக்கட்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள். வேன்காரம்மாவை வேண்டாம் என்றுதான் கத்திரி சொன்னாள். அவள் கேட்கவில்லை.

கதவிடுக்கில் தொட்டி தெரிந்தது. மாலை வெயில் இன்னும் சுட்டது. காற்றுக் குமிழி நின்ற தண்ணீரில் பெரிய மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்தன. இந்தத் தடவை பெரியதுகள்தான் முதலில். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றைக் காட்டி, மறுபடி நிமிரப் பார்த்தது.

"யாருக்காகக் காத்திருக்கோம்?" என்று பம்பரம் கிசுகிசுத்தான். "கொலை பண்ணிட்டுத் தலைமறைவானவன் மீனுக்காகவா வருவான்?"

"பார்க்கத்தானே போறே."

முதலில் வந்தது மனைவி. கீழேயிருந்து வாரிச் சுருட்டிக்கொண்டு, இவர்கள் ஒண்டியிருந்த கதவைக்கூடக் கவனிக்காமல், சுவிட்சை நோக்கி ஓடினாள். அவள் கை அதைத் தொடும் முன்பே கைப்பிடிச்சுவரைத் தாண்டி ஹெல்மெட் குதித்தது.

ஹெல்மெட்காரன் அவள் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் சாய்த்தான்.

"பம்பை எதுக்குடி நிறுத்தினே? ஏன்டி நிறுத்தினே? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், உசுரே போனாலும் பம்பை நிறுத்தாதேன்னு!"

வேன்காரம்மாவின் விரல்கள் பம்பரத்தின் தோளில் பதிந்தன. நகம் சதைக்குள் இறங்கியது. அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்த பம்பரத்துக்கு வலி மறந்துபோனது. செத்துப்போனவனின் குரலைக் கேட்கிற முகம் அது.

"மேடம்," என்றாள், சத்தமே வராமல். "அது... அது எங்க அண்ணன்."

"தெரியும்," என்றாள் கத்திரி. "வா பம்பரம்!"

பம்பரம் பாய்ந்தான். இந்த முறை அவன் பார்த்துப் பாய்ந்தான். ஆனாலும் பலன் ஒன்றுதான். ஸ்பேனர் தாடையில் விழுந்தது. ஒரு பல் எங்கேயோ பறந்துபோக, இரண்டு சுற்றுச் சுற்றித் தக்காளிப் பாத்தியில் ஜல்லியோடு ஜல்லியாக விழுந்தான். கத்திரி ஒற்றைக் கையால் குழாயை வீசினாள். அவன் அதைப் பிடித்துப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, அவளுடைய காயம்பட்ட கையையே பார்த்து உதைத்தான். அவள் மடங்கி உட்கார்ந்தாள். அவன் மனைவியின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றிக் கைப்பிடிச்சுவருக்கு இழுத்துப்போனான். இடுப்புக்கு மேலே அவள் உடம்பு வெளியே தொங்கியது. கீழே சந்தின் கருங்கல் தளம்.

"ஒரு அடி எடுத்து வெச்சா விட்டுடுவேன்! இவ போய்ச் சேரட்டும்!"

மூச்சு வாங்க ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். தாடி வளர்ந்த முகம். அந்த முகத்துக்குத்தான் ஊரே மாலை போட்டு அனுப்பிவைத்திருந்தது.

"அண்ணா."

வேன்காரம்மா கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

அவன் கண் ஒரு கணம் தடுமாறியது. அவ்வளவுதான். "நீ எதுக்கு இங்க வந்தே? கீழே போ. இது என் வீட்டு விஷயம்."

"உன்னை எரிச்ச இடத்துல மயங்கி விழுந்தேன் அண்ணா. மூணு பேர் தூக்கிட்டு வந்தாங்க."

"அழுது முடிச்சாச்சில்ல? அப்புறம் என்ன? போ."

அவள் போகவில்லை. தரையில் கிடந்த இரும்புக் குழாயைக் குனிந்து எடுத்தாள். அவன் அவளிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. தங்கைதானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் மரக்கிளை ஒடிகிறதுபோலத் தெளிவாகக் கேட்டது. முடியைப் பற்றியிருந்த கை செத்துத் தொங்கியது. கத்திரி பாய்ந்து மனைவியின் காலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். இரண்டாவது அடி முழங்காலில். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். மூன்றாவது அடி தலைக்குக் குறி வைத்து ஓங்கியிருந்தது. கத்திரி குறுக்கே வந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்."

"விடுங்க மேடம்! கொன்னவன் என் கையில கிடைக்கணும்னு நான்தானே கேட்டேன்!"

"கிடைச்சாச்சு. போதும்."

குழாய் தரையில் உருண்டது.

பம்பரம் மெக்கானிக்கின் நல்ல கையை பம்புக் குழாயோடு சேர்த்துக் கட்டினான். வாயில் ரத்தம் கொழகொழத்தது. போலீஸுக்குப் போன் பண்ணிவிட்டு, தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எப்போ தெரிஞ்சுது மேடம்?"

"நீ உப்புன்னு துப்பினப்போ. நைட்ரைட் ஏறின தண்ணில மீனைக் காப்பாத்த ஒரே கைவைத்தியம் உப்பு. மீன்கடைக்காரர் காலையிலதான் சொன்னார். செடிக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும், மீன் பிழைச்சாப் போதும்னு போட்டிருக்கான். பேக்கரியில ரொட்டி சுடறவனுக்கு அது தெரியுமா? கொலை பண்ணிட்டு ஓடறவன், தான் கொன்னவனோட மீனுக்கு வைத்தியம் பார்க்க வருவானா?"

"வேற யாராவது..."

"கழுத்தைப் பார்த்தியா? பழைய காயம் மஞ்சளா மாறியிருக்கு. அதுக்கு மேல புதுசா நீலம். புருஷன் செத்த பிறகும் பொண்டாட்டி அடி வாங்கறான்னா, புருஷன் சாகலைன்னு அர்த்தம்." கத்திரி கீழே முனகிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். "மச்சானை அடிச்சுக் கொன்னு, சட்டையையும் மோதிரத்தையும் மாட்டி, தனக்குப் பழக்கமான லிப்ட்டுக்கு அடியில போட்டு முகத்தை அழிச்சான். பழி செத்தவன் மேலேயே விழுந்துச்சு. எங்கேயாவது ஓடியிருந்தா தப்பிச்சிருப்பான். மீனு சாகறதைப் பார்க்க மனசு வரல, பக்கத்துக் கட்டடத்துலயே ஒளிஞ்சிருந்தான். மீனைப் பார்க்க வந்த இடத்துல நாம குறுக்கே நின்னோம், அதான் உன்னை அமுக்கினான்."

பம்பரம் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தான். நிறுத்திக்கொண்டான், தாடை வலித்ததால் மட்டுமல்ல.

வேன்காரம்மா அண்ணியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சற்று முன் தான் அறைந்த கன்னத்தில் நான்கு விரலும் தடித்திருந்ததைப் பார்த்தாள். தொடக் கை நீட்டி, தொடாமல் மடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி? அத்தனை பேர் வந்தாங்களே, போலீஸ் வந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ராத்திரியானா இறங்கி வந்துடுவாரு. சொன்னா அடுத்து நீதான்னாரு. தம்பியை என் கண்ணு முன்னாடிதான் அடிச்சாரு. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொன்னாரு, கழுவினேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எரிச்ச இடத்துல எல்லாரும் என்னைப் பிடிச்சுக்கிட்டு, புருஷனை நினைச்சு அழறான்னு ஆறுதல் சொன்னாங்க. நான் யாரை நினைச்சு அழுதேன்னு நினைக்கிறீங்க? பக்கத்துல நின்னு நீங்க என் தம்பியைத் திட்டித் தீர்த்தீங்க. அவன் உள்ளே எரிஞ்சுக்கிட்டு இருந்தான். என்னால 'தம்பி'ன்னு ஒரு வார்த்தை கத்த முடியல."

வேன்காரம்மா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இப்போ கத்துங்க அண்ணி," என்றாள்.

முதலில் காற்றுதான் வந்தது. பிறகு அந்தப் பெண் வாய்விட்டுக் கத்தினாள். பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.